பர்மா உளுந்து

விருதுநகர் சந்தை நிலவரத்தைப் பத்திரிகையில் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் பழகியிருக்கும்: உளுந்து, பர்மா. அதற்குள்ளேயே பருவட்டு, பொடி என்று இரண்டு விலை. அந்த நாடு 1989-இல் மியான்மர் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ரங்கூன் யாங்கோன் ஆனது. தலைநகரமே 2005-இல் நேபிடோவுக்குக் குடிபோனது. பருப்பு மண்டிகளுக்கு இந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. ஒரு மண்டியில் நின்றுகொண்டிருந்தபோது குமாஸ்தா குத்தூசியைச் சாக்கில் செருகி உருவினார். உள்ளங்கையில் உதிர்ந்த மணிகளை ஊதிப் பார்த்துவிட்டு, "எஃப்.ஏ.க்யூ.தான் அண்ணாச்சி, எஸ்.க்யூ. இல்ல" என்றார். முதலாவது சராசரித் தரம், மற்றது பருத்த, பொறுக்குத் தரம். யாங்கோனில் சரக்கைக் கப்பலேற்றுகிறவரும் சென்னையில் இறக்குகிறவரும் மும்பையில் விலை பேசுகிறவரும் இந்த ஐந்து எழுத்துகளை வைத்தே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள்.

2023-24-இல் இந்தியா இறக்குமதி செய்த உளுந்து 6 லட்சம் டன்னுக்கு மேல். அநேகமாக அத்தனையும் மியான்மர் சரக்கு. அந்நாட்டு மக்கள் உளுந்தை அதிகம் சாப்பிடுவதில்லை. ஜப்பானில் முளைகட்டுவதற்குக் கொஞ்சம் போகிறது, வேறு சில நாடுகளுக்குக் கொஞ்சம். மற்றபடி அங்கே விளைகிற உளுந்து நம் இட்லிக்கும் வடைக்கும் அப்பளத்துக்குமாகவே விளைகிறது. ஒரு நாட்டின் குடியானவர், தான் உண்ணாத பயிரை, தான் பார்த்தேயிராத இன்னொரு நாட்டின் அடுப்படியை நம்பி விதைக்கிறார்.

இந்தியா–மியான்மர் உறவைப் பற்றிய கட்டுரைகளில் கலாதன் துறைமுக–ஆற்றுவழித் திட்டம் வரும், முத்தரப்பு நெடுஞ்சாலை வரும், எல்லைக் கிளர்ச்சிக் குழுக்கள் வரும், சீனா தவறாமல் வரும். உளுந்துக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். இந்த உறவை உளுந்துச் சாக்கிலிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் பர்மியக் குடியானவரோடு இந்தியா தொடர்புகொள்வது இது இரண்டாம் முறை. முதல் முறை அவருக்குக் கடன் கொடுத்தவர்களாகப் போனோம். இப்போது அவருடைய ஒரே பெரிய வாடிக்கையாளராக இருக்கிறோம். முதல் தொடர்பு எப்படி முறிந்தது என்பதை நாம் பாதி மறந்துவிட்டோம். அவர்கள் மறக்கவில்லை.

1852-இல் நடந்த இரண்டாம் ஆங்கிலேய–பர்மியப் போரில் கீழ்ப்பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதிக் கழிமுகத்துக் காடும் சதுப்பும் நெல்வயலாகத் தொடங்கின. வயல் திருத்த மாடு வேண்டும், விதை வேண்டும், அறுப்புவரை சாப்பாடு வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் குடியானவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த இடத்துக்குத்தான் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் போனார்கள். 'கொண்டுவிற்கப் போதல்' என்பது அவர்கள் வழக்கு. முதலாளி ஊரிலிருப்பார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசை, மூன்று ஆண்டுக் கணக்கில் கடல்தாண்டிப் போய்வரும். ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல கடைகள். கடைக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வுமேசை. தங்களுக்குள் கைமாற்றும் பணத்துக்கு மாதந்தோறும் கோயிலில் கூடி 'நடப்பு வட்டி' நிர்ணயித்தார்கள். ஒரு மத்திய வங்கி செய்ய வேண்டிய காரியத்தைச் சந்நிதியில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்கில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன, முதலீடு 75 கோடி ரூபாய் அளவில். அந்தக் குழு அவர்களைக் கூண்டில் ஏற்றவில்லை. அவர்கள் பணம் இல்லாமல் நெல் விளைந்திருக்காது என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தக் கணக்கின் மை காய்வதற்குள் உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. வாங்கிய கடன் அப்படியே நின்றது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம்; 1938-இல் 25 சதவீதம், ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அந்த நிலம் வேண்டியிருக்கவில்லை. பணம்தான் அவர்கள் சரக்கு. சுழலாத பணம் செத்த பணம். விலைபோகாத வயல்களைப் பேரேட்டில் வைத்துக்கொண்டு திண்டாடியவர்களே அதிகம். ஆனால் வயலை இழந்து, அதே வயலில் வாரத்துக்கு உழுகிறவருக்கு இந்த நியாயம் எதற்கு? 1930 டிசம்பரில் குடியானவர்களின் சயா சான் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். அப்போது ரங்கூனின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். சொந்த நாட்டின் தலைநகரில் சிறுபான்மையாக இருந்த மக்களுக்கு இந்தியரைக் குறிக்கும் 'கலா' என்ற சொல் வசையாக மாறியதில் வியப்பில்லை. பர்மியக் கேலிச்சித்திரங்களில் தொப்பையும் குடுமியுமாக வருகிற வட்டிக்காரர் யாரென்று நமக்கே அடையாளம் தெரியும்.

பின்னால் நடந்ததெல்லாம் தெரிந்த கதை. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகத்தில் பிரிந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம். விடுதலை பெற்ற 1948-லேயே பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஓர் அறிவிப்பு; கடைகள் ஒவ்வொன்றாக அரசுடைமை. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-இல் உருவான பர்மா பஜார் அவர்களுடையது. அந்தப் பக்கம் அத்தோவும் வாழைத்தண்டு போட்ட மொகிங்காவும் விற்கிற தள்ளுவண்டிகளும் அவர்களுடையவைதான். தரைவழியாகத் திரும்பிப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு. அங்காள பரமேஸ்வரிக்கு அங்கே கோபுரத்தோடு கோயில் இருக்கிறது.

இத்தனை நடந்தும் தூதரக அளவில் பேச்சு இனிமையாகவே இருந்தது என்பதுதான் விசித்திரம். 1951-இல் கையெழுத்தான நட்புறவு ஒப்பந்தம் அப்படியே இருந்தது. நேருவும் பர்மியப் பிரதமர் ஊ நூவும் நெருங்கிய நண்பர்கள். ஆட்சியிழந்த ஊ நூவுக்குப் பின்னாளில் போபாலில் இடம் கொடுத்தது இந்தியா. 1967-இல் 1,643 கி.மீ. எல்லையை எந்தச் சண்டையும் இல்லாமல் வரையறுத்துக்கொண்டார்கள். 1988 மக்களாட்சி எழுச்சியின்போது இந்தியா மக்கள் பக்கம் நின்றது. அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பை ராணுவ ஆட்சியாளர்கள் வெறுத்தார்கள். ஐந்தே ஆண்டில் காற்று மாறியது. சீனா உள்ளே வந்துவிட்டது, வடகிழக்கில் கிளர்ச்சி ஓயவில்லை. 1993-இல் வெளியுறவுச் செயலர் ஜே.என். தீட்சித் யாங்கோன் போனார்; 1994 ஜனவரியில் எல்லை வணிக ஒப்பந்தம்; 1995 ஏப்ரலில் மோரே–தமு வாசல் திறந்தது. 1993-க்கான நேரு விருதை அந்த ராணுவ ஆட்சியை எதிர்த்த ஆங் சான் சூகிக்கு அறிவித்ததும் இதே அரசுதான். ஒரு கையால் விருது, மறு கையால் ஒப்பந்தம். இரட்டை வேடம் என்று சொல்வது எளிது. 1,643 கி.மீ. எல்லை உள்ளவர்களுக்கு ஒற்றை வேடம் கட்டுப்படியாகாது.

ராணுவ ஆட்சியாளர்கள் 1988-க்குப் பிறகு சந்தையைத் திறந்தபோது அரிசி ஏற்றுமதியைத் தங்கள் பிடியிலேயே வைத்துக்கொண்டார்கள். அரிசி விலை ஏறினால் நகரம் கொதிக்கும் என்ற பயம். பயறு வகைகளை யாரும் பொருட்படுத்தவில்லை. அதைத் தனியாருக்கு விட்டுவிட்டார்கள். யாங்கோன் வணிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகின் முன்னணிப் பயறு ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக மியான்மர் வளர்ந்தது. எந்த அமைச்சரும் திட்டம் போட்டு நடக்கவில்லை. கவனிக்காமல் விட்டதால் விளைந்தது.

பகோ, ஐராவதி வட்டாரங்களில் நவம்பரில் நெல் அறுப்பு முடியும். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி அதே வயலில் உளுந்தை விதைப்பார்கள். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, உரமும் குறைவு. பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. நம் காவிரிப் படுகைக்காரர்களுக்கு இதைப் படிக்கும்போதே தெரிந்துவிடும்: நெல் தரிசு உளுந்து. இங்கே இன்னும் ஒரு படி மேல். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுவார்கள். அறுப்பு அரிவாள் போய்ப் பெரிய இயந்திரம் வயலில் இறங்கிய பிறகு, முளைத்த உளுந்து சக்கரத்தடியில் நசுங்கியது. மேட்டூர்த் தண்ணீர் தாமதமானால் சம்பாவும் தள்ளிப்போய்ப் பருவம் தப்பியது. திருவாரூர்ப் பக்கம் தரிசு உளுந்து சுருங்கச் சுருங்க, ஐராவதிப் பக்கம் அது பெருகியது. ஒரு கழிமுகம் விட்டதை இன்னொரு கழிமுகம் பிடித்துக்கொண்டது.

2017-க்கு வருவோம். 2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதை நம் வீடுகள் மறந்திருக்காது. அரசு பதறியது; இங்கும் விளைவிக்கச் சொன்னது, அங்கும் விளைவிக்கச் சொன்னது. இரண்டு இடத்திலும் விளைந்தது. விலை விழுந்தது, உள்நாட்டு விவசாயிகள் கொதித்தார்கள். 2017 ஆகஸ்ட் 5 அன்று துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று இறக்குமதி வரம்பு; அதே மாதம் 21-ஆம் தேதி உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். நம் விவசாயியைக் காப்பதற்கு எடுத்த முடிவு. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மறுகரையில் வாங்க வேறு ஆளே இல்லை. மியான்மரில் விலை சரிந்து, சரக்கு கிடங்கில் தேங்கியது. உத்தரவு வந்து இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 5 அன்று, பிரதமர் மோடி நேபிடோவில் போய் இறங்கினார். மியான்மர் குடிமக்களுக்குக் கட்டணமில்லா விசா என்று அறிவித்தார். பகனில் ஆலயத்தைப் பார்த்தார், யாங்கோனில் பகதூர் ஷா சஃபர் சமாதியில் மலர் வைத்தார். இங்கிருந்து அங்கே நாடு கடத்தப்பட்ட அரசர் அவர். அங்கிருந்து ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்ட தீபா மன்னரின் சமாதிக்கு 2012-இல் அதிபர் தெய்ன் செய்ன் வந்துபோனார். இரு நாட்டுத் தலைவர்களுக்கும் மன்னர் சமாதிகள் மீது ஒரு பிரியம். பகோ குடியானவருக்கு அந்த ஆண்டு வேண்டியிருந்தது வேறு.

அந்தக் கட்டுப்பாட்டு உத்தரவில் ஒரு விதிவிலக்கு இருந்தது. இரு நாட்டு ஒப்பந்தம் எதிலாவது இந்தியா வாக்குக் கொடுத்திருந்தால் அந்தச் சரக்குக்கு வரம்பு பொருந்தாது. 2016-இல் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்த மொசாம்பிக் துவரை, வரம்பைத் தாண்டி உள்ளே வந்தது. பக்கத்து வீட்டு மியான்மருக்கு அந்தத் தாள் இல்லை. நட்புறவு ஒப்பந்தம் இருந்தது, நூறாண்டு உறவு இருந்தது, பௌத்தம் இருந்தது. ஒரு பக்கத் தாள் இல்லை.

அது 2021 ஜூனில் கையெழுத்தாயிற்று: 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை, தனியார் வணிகம் மூலமாக. அந்தத் தேதியைக் கவனியுங்கள். பிப்ரவரி 1 அன்று ராணுவம் மறுபடி ஆட்சியைக் கவிழ்த்திருந்தது. அதே ஜூனில் ஐ.நா. பொதுச்சபை கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. இது எனக்கு உறுத்தலான இடம். உளுந்து வாங்காதே என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடிவிழுவது தளபதிகளுக்கா, தரிசு வயலில் விதைத்தவருக்கா? வணிகத்தைத் தொடரலாம், வாய்மூடியும் இருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். 1988-இல் இரண்டில் ஒன்றையாவது நாம் தெளிவாகச் செய்தோம்.

ஒப்பந்தத்தில் உள்ள எண் உண்மையான வணிகத்தைவிட மிகக் குறைவு என்பதும் விசித்திரம்தான். 2023-24-இல் 6 லட்சம் டன் வந்த இடத்தில் உறுதி 2.5 லட்சத்துக்குத்தான். மீதி, ஆண்டுக்காண்டு வெளியாகும் ஓர் அறிவிப்பின் தயவில் ஓடுகிறது.

பணம் போகிற பாதையும் நேரானது இல்லை. தடைகளுக்குப் பயந்து நெடுங்காலமாக இந்த வணிகம் சிங்கப்பூர் நிறுவனங்கள் வழியே டாலரில் நடக்கிறது. சரக்கு வங்கக்கடலைத் தாண்டி நேரே வருகிறது, பணம் மலாக்கா நீரிணை வரை போய்ச் சுற்றுகிறது. ராணுவ அரசு 2022-இல் ஒரு டாலர் 2,100 கியாட் என்று நிர்ணயித்து, ஏற்றுமதி வருமானத்தில் ஒரு பங்கை அந்த விலையில் மாற்றியாக வேண்டும் என்றது. 2024-இல் வெளிச்சந்தையில் டாலர் 4,000 கியாட்டைத் தாண்டியது. அந்த இடைவெளியை ஏற்றுமதியாளர் கைப்பிடித்தமாக யார் தலையில் இறக்குவார் என்று சொல்லத் தேவையில்லை. 2024 ஜனவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக ரூபாய்–கியாட் நேரடித் தீர்வு முறை வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் யாங்கோன் வணிகர் கையில் சேரும் ரூபாயை என்ன செய்வார் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அது ஓடும். பதில் இல்லாமல் இல்லை: மியான்மரின் மருந்துக்கடைகளில் இந்திய மாத்திரைகள் நிறைய. உளுந்துக்கு மாத்திரை என்று இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில் சந்திக்கவைத்தால் ரூபாய்க்கு வேலை கிடைக்கும். இதைச் செய்யப் பெரிய மாநாடு வேண்டாம். இரண்டு ஏற்றுமதியாளர் சங்கங்களும் ஒரு வங்கியும் உட்கார்ந்தால் போதும்.

சாலைகளைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சொட் வரை 1,360 கி.மீ. நெடுஞ்சாலை இன்னும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 2008-இல் ஒப்பந்தமான கலாதன் திட்டத்தில் சித்வே துறைமுகம் 2023 மே மாதம் திறக்கப்பட்டு, கொல்கத்தாவிலிருந்து 1,000 டன் சிமென்ட்டோடு முதல் கப்பலும் போனது. அடுத்த ஜனவரியில் ஆற்றுவழியின் மேல்முனையான பலெத்வா கிளர்ச்சிக் குழுவான அரக்கான் படையின் கைக்குப் போனது. மோரே 2023 கலவரத்தில் எரிந்தது. எல்லையோரத்தில் இரு பக்கமும் 16 கி.மீ. வரை விசாவின்றி நடமாட இருந்த ஏற்பாட்டை நிறுத்துவதாக 2024-இல் டெல்லி அறிவித்தது, வேலியும் போடுவதாகச் சொன்னது. இத்தனை குழப்பத்திலும் உளுந்து மட்டும் தவறாமல் வந்தது. அது கடல்வழியாக வருகிறது. துவரை விளையும் சகாயிங், மாக்வே போர்க்களமாகிவிட்டாலும் உளுந்து விளையும் கழிமுகம் பெரும்பாலும் சண்டைக்கு வெளியே இருக்கிறது. இந்த நல்லூழ் நிரந்தரம் என்று யாரும் எண்ண வேண்டாம். மறுகரைக்கும் அப்படித்தான்: நமக்காக உளுந்து விதைக்கப் பிரேசிலும் தொடங்கிவிட்டது.

அங்கே இன்னும் இருக்கிற தமிழர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1982 குடியுரிமைச் சட்டம் 1823-க்கு முன் வேரூன்றிய இனங்களுக்கே முழு உரிமை தருகிறது. 1871-இல் தமிழர்கள் எழுப்பிய காளி கோயில் யாங்கோன் நடுவில் பொலிவோடு நிற்கிறது. அந்தக் கோயிலுக்குப் போகிற பலருடைய அடையாள அட்டை இரண்டாம் தரம். உயர்மட்டப் பேச்சுகளில் 'மக்கள் தொடர்பு' என்ற தலைப்பின் கீழ் யோகாவும் உதவித்தொகையும் வருகின்றன. இந்த அட்டை வருவதில்லை. செட்டியார் கடன் பற்றிய பர்மிய மனக்கசப்பை நேராகப் பேசாமல் அந்த அட்டையைப் பற்றிப் பேச முடியாது என்பதாலும் இருக்கலாம். இரு நாட்டு வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பேரேடுகளைப் படிக்கிற நாள் வந்தால் நல்லது. செட்டிநாட்டு வீடுகளில், பர்மாத் தேக்கு நிலைக்குப் பின்னால், கரையான் விட்டுவைத்த கணக்குச் சுருணைகள் இன்னும் கிடக்கின்றன.

அதற்குமுன் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது சின்னது. உளுந்து வரியில்லாமல், வரம்பில்லாமல் வரலாம் என்ற சலுகையை மத்திய அரசு ஆண்டுதோறும் நீட்டிக்கிறது. 2025 மார்ச்சில் முடியவிருந்ததை 2026 மார்ச் வரை நீட்டிய அறிவிப்பு 2025 மார்ச்சில்தான் வந்தது. அப்போது பகோ வயல்களில் காய் முற்றி அறுப்பே நடந்துகொண்டிருந்தது. விதைத்தது நவம்பரில். அந்த அறிவிப்பு செப்டம்பர் கடைசியில் வந்தால், மூன்று ஆண்டுக்குச் சேர்த்து வந்தால், ஐராவதிக் குடியானவருக்கு எத்தனை ஏக்கர் என்று தெரியும், திருவாரூர்க் குடியானவருக்கும் தை மாதம் தெளிப்பதா வேண்டாமா என்று தெரியும். விருதுநகரில் குத்தூசி உருவிய குமாஸ்தாவிடம் அடுத்த வருடம் சரக்கு எப்படி என்று கேட்டேன். "மார்ச்சுல டெல்லி என்ன சொல்லுதோ பாப்போம் அண்ணாச்சி" என்றபடி சாக்குத் துளையைக் கட்டைவிரலால் தேய்த்து மூடினார்.